மணி கட்டிய பிறகு

எலி சாக்கைக் கடித்துப் போட்ட மாரியில்
தராசுக் கொட்டிலுக்குப் பூனை கொண்டு வந்தவன் நான்தான்.
அதை முதலில் எழுதிவிடுகிறேன்.
சாம்பல்தீவுச் சந்தியில், மீன் பெட்டிகளுக்கு நடுவே,
உள்ளங்கையளவு கிடந்தது.
சீனி என்று பேர் வைத்தது பரிமளகாந்தி.
உப்பளத்தில் ஒரு சீனியாவது இருக்கட்டும் என்றாள்.

எலி குறைந்தது உண்மை.
தை மாதச் சாக்குக் கணக்கில் ஒரு கிழிசலும் இல்லை.
லாபிர் நானா தன் சோற்றுப் பெட்டியிலிருந்து
சூடைத் தலை போட்டார்.
எல்லோரும் போட்டோம்.
வயிறு நிறைந்த பூனை வேட்டைக்குப் போகாது என்று
எல்லோரும் நினைத்தோம்.
மறு மாரிக்குள் சீனி ஒன்பதாகிவிட்டது.

நிலாவெளி உப்பளத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்,
காய்ந்த பாத்தியின் ஓரம்,
சிப்பியும் குறுணிக்கல்லும் கிடக்கிற இடத்தில்
உப்புக்கொத்தி முட்டையிடும்.
கூடென்று ஒன்றில்லை.
குதிக்கால் பதிந்த பள்ளம் போதும்.
மண்ணின் நிறத்தில் மூன்று,
யாரோ பேனையை உதறிய மாதிரி மேலே மைப்பொட்டு.
உப்பு வாருகிற பெண்கள்
பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு
விலகி வாருவார்கள்.

கிட்டப் போனால் தாய்
ஒரு இறக்கையை நிலத்தில் இழுத்துக்கொண்டு
நொண்டி நொண்டி ஓடும். முறிந்ததுபோல் நடிப்பு.
லாபிர் நானாவின் நாய் ஒவ்வொரு முறையும் நம்பி
களப்புக்கரை மட்டும் துரத்திவிட்டு
வெட்கத்தோடு திரும்பி வரும்.
சீனி ஏமாறவில்லை.
அசைகிற இறக்கையை அது பார்க்கவேயில்லை.
அசையாததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஈர உப்பு எதையும் மறைக்காது.
விடியற்காலை வரம்பு நெடுகப் பாதத்தடம்,
ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்கு.
நாங்கள் நட்ட குச்சிகள்.

சித்திரையில் பதினாலு.
வைகாசி பிறந்த அன்று நடந்து எண்ணினேன்,
ஓடுகிற குஞ்சு இரண்டு.
தராசுப் புத்தகத்தின் பின்மட்டையில் எழுதினேன்.
நிறை போடவில்லை. எதைப் போட.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று
எலிக்காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
நான் கட்டினேன்.
ஆட்டுக் கழுத்து மணி, முந்நூற்றைம்பது ரூபாய்.
சீனிக்கு மட்டும்தான் காசு காணும்.
அன்று பின்னேரம் வரம்பில் நின்று பார்த்தேன்.
மணி கேட்டது.
தாய் கத்தியது.
குஞ்சு தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தது:
குந்தி, கல்லாகிவிட்டது.
மேலே பறக்கிற பருந்துக்கு அது கல்.
மணி அவசரமில்லாமல் கிட்ட வந்தது.
நான் கத்தினேன், மண்கட்டி எறிந்தேன்.

சீனி தின்னவுமில்லை.
என் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து
முகத்தைப் பார்த்தது.
இரண்டு தீக்குச்சிக் கால்,
தொண்டையில் இன்னும் சூடு.
உப்பிட்டவரை மறக்காத பிராணி.

திருகோணமலையிலிருந்து மிருக வைத்தியர் வந்தார்.
நாலைப் பிடித்துக் கொடுத்தோம்.
ஒன்று பாம்பு தீண்டிச் செத்தது.
மூன்று இன்னும் தாழங்காட்டுக்குள் கண்ணாக மட்டும் தெரிகின்றன.
சீனியைப் பொழுது சாயக் கொட்டிலுக்குள் பூட்டுகிறேன்.
விடியும்வரை கதவைப் பிறாண்டுகிறது.
பாவம் அண்ணை, என்கிறான் காவல்காரப் பெடியன்.
பாவம்தான்.

கழற்றிய மணி ஆணியில் தொங்குகிறது.
கச்சான் அடிக்கும்போது தானாக ஆடும்.
அப்போதெல்லாம் நாலாம் பாத்தி ஓரத்தில்
ஒரு உப்புக்கொத்தி எழும்பி
இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டத் தொடங்கும்.
அங்கே முட்டை இருக்கிறதா என்று நான் தேடுவதில்லை.
தராசை அப்படியே விட்டுவிட்டு
அதன் பின்னால் கொஞ்சத் தூரம் போகிறேன்,
களப்புக்கரை மட்டும்,
நம்பிவிட்டவன் மாதிரி.